சாப்ட்னர் வைத்தும் சோப்பு நுரைக்கவில்லையா? கோளாறு மெஷினில் இல்லை, பராமரிப்பில்!

திருப்பூர்:

காலையில் பனியன் கம்பெனிக்கு ஷிப்ட் போக வேண்டும். பாத்ரூமில் சோப்பை எவ்வளவு தேய்த்தாலும் நுரை வரமாட்டேன் என்கிறது. தலைக்கு குளித்தால் முடி சிக்குப்பிடித்து கயிறு மாதிரி நிற்கிறது. வெள்ளைச் சட்டை நாலு துவைப்பில் பழுப்பு ஏறிவிடுகிறது. திருப்பூரில் போர் தண்ணீரை நம்பி இருக்கும் வீடுகளில் இது தினசரி நடக்கும் கதை.

பவானி ஆற்று குடிநீர் குழாயில் வரும்போது குடிக்கவும், சமைக்கவும் குடத்தில் பிடித்து வைத்துக் கொள்கிறார்கள். குளிக்க, துவைக்க, பாத்திரம் கழுவ எல்லாம் போர் தண்ணீர்தான். கொங்கு பக்கம் இதை ‘சப்பைத் தண்ணி’ என்றும் சொல்வார்கள்.

இந்த தொல்லைக்காகவே ‘வாட்டர் சாப்ட்னர்’ கருவியை வாங்கி மாட்டுகிறார்கள். சொந்த வீட்டுக்காரர்கள் மட்டும் அல்ல, லைன் வீடு, காம்பவுண்டு வீடு கட்டி வாடகைக்கு விடுபவர்களும் வைக்கிறார்கள். தவணை கட்டி வாங்கியவர்களும் உண்டு.

வைத்த புதிதில் சோப்பு நுரை பொங்குகிறது. ஆறு மாதம் போனால் ‘பழைய குருடி கதவைத் திறடி’ கதைதான். ‘ஏமாந்துட்டோம்’ என்று மெஷினை மூலையில் போட்டுவிடுகிறார்கள். பல வீடுகளில் மெஷின் கெட்டுப் போயிருக்காது. உப்பு போடாதது, கழுவாதது, கணக்கு தெரியாதது, இந்த மூன்றில் ஒன்றுதான் காரணமாக இருக்கும். இதுபற்றிய விவரம் வருமாறு:-

உப்புத் தண்ணி என்பது என்ன?

உப்புத் தண்ணி என்று நாம் சொல்வதில் இரண்டு சங்கதி கலந்து இருக்கிறது. ஒன்று, நாக்கில் கரிக்கும் உப்பு. இன்னொன்று, சோப்பை நுரைக்க விடாத சுண்ணாம்புச் சத்து. பள்ளிக்கூடத்தில் ‘கடின நீர்’ என்று படித்தது இந்த இரண்டாவது ரகம். பாறை, மண் வழியாக இறங்கும் தண்ணீர், கால்சியம், மெக்னீசியம் இரண்டையும் கரைத்துக் கொண்டு வருகிறது. ஆழமான போர்களில் இது அதிகமாக இருப்பது வழக்கம்.

குடிநீருக்கான இந்திய தர நிர்ணயத்தில் (2012) மொத்த கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லி கிராம் வரை இருப்பது நல்லது என்று உள்ளது. வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 600 வரை அனுமதி.

இந்த சுண்ணாம்பு சோப்போடு சேர்ந்து திரிதிரியாக அழுக்கு போல படியும். பக்கெட் ஓரத்தில் ஒட்டும் வழவழப்பான வெள்ளை அழுக்கு அதுதான். தண்ணீரை சூடாக்கினால் சுண்ணாம்பு பிரிந்து காயிலின் மேல் கல்லாகப் படியும். கீசர், வாட்டர் ஹீட்டர் ராடு அடிக்கடி போவதற்கு இது முக்கிய காரணம். கல் படிந்த காயில் தண்ணீரை சூடாக்க நேரம் பிடிக்கும். கரண்ட் பில்லும் ஏறும்.

சாயப்பட்டறையிலும், வாஷிங் பட்டறையிலும் வேலை பார்த்தவர்களுக்கு சாப்ட்னர் புதுசு இல்லை. பாய்லருக்கு போகிற தண்ணீரில் சுண்ணாம்பு இருந்தால் குழாய்க்குள் படலம் கட்டும். துணியில் சாயம் திட்டுத்திட்டாக ஏறும். அதனால்தான் பட்டறைகளில் பெரிய பெரிய சாப்ட்னர் நிற்கிறது. அதே மெஷினின் குட்டிதான் இப்போது வீட்டுக்கு வந்திருக்கிறது.

டவுன் பஸ் கணக்கு

சாப்ட்னர் என்பது உயரமான ஒரு சிலிண்டர். பக்கத்தில் ஒரு உப்புத் தொட்டி. சிலிண்டருக்குள் ‘ரெசின்’ என்ற குருணை இருக்கும். பார்க்க ரவை மாதிரி, தேன் நிறத்தில் பொடிப்பொடி உருண்டையாக இருக்கும்.

ஒவ்வொரு உருண்டையையும் ஒரு டவுன் பஸ் என்று வைத்துக் கொள்ளுங்கள். சீட்டில் எல்லாம் சோடியம் உட்கார்ந்து இருக்கிறது. போர் தண்ணீர் உள்ளே வரும்போது கால்சியம், மெக்னீசியம் ஏறி சோடியத்தை இறக்கிவிட்டு சீட்டைப் பிடித்துக் கொள்கின்றன. தண்ணீர் சுண்ணாம்பு இல்லாமல் வெளியே போகிறது.

கொஞ்ச நாளில் எல்லா சீட்டிலும் சுண்ணாம்பு உட்கார்ந்துவிடும். அதற்கு மேல் எவ்வளவு தண்ணீர் விட்டாலும் உள்ளே வந்த மாதிரியே வெளியே போகும். அப்போது கெட்டியான உப்புக் கரைசலை உள்ளே விட வேண்டும். உப்பில் இருப்பதும் சோடியம்தான். கூட்டமாக வந்து முண்டியடித்து சுண்ணாம்பை இறக்கிவிட்டு மறுபடி சீட்டைப் பிடித்துக் கொள்ளும். இறங்கிய சுண்ணாம்பு சாக்கடைக்குப் போகும். இதற்குத்தான் ‘ரீஜெனரேஷன்’ என்று பெயர்.

ஆக, உப்பு இல்லாவிட்டால் சாப்ட்னர் வெறும் டப்பா.

எத்தனை நாளைக்கு ஒரு தடவை?

இந்த கணக்கு தெரியாமல்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஒரு லிட்டர் ரெசின், ஒரு தடவை உப்பு ஏற்றினால் சுமார் 50 கிராம் சுண்ணாம்பை பிடிக்கும். வீட்டில் 25 லிட்டர் ரெசின் உள்ள மெஷின் என்றால் 1,250 கிராம்.

போர் தண்ணீரின் கடினத்தன்மை 500 என்று வைத்துக் கொள்வோம். அதாவது 1 லிட்டரில் அரை கிராம். 1,250 கிராமை அரையால் வகுத்தால் 2,500 லிட்டர். அவ்வளவு தண்ணீர்தான் அந்த மெஷின் ஒரு தடவைக்கு சுத்தம் செய்யும்.

நகரங்களில் ஆளுக்கு தினமும் 135 லிட்டர் என்பது அரசு கணக்கு. 4 பேர் உள்ள வீட்டுக்கு 540 லிட்டர். 2,500 லிட்டர் நாலரை நாளைக்கு வரும். ஆகவே 4 நாளைக்கு ஒரு தடவை ரீஜெனரேஷன் செய்தே ஆக வேண்டும்.

ஒவ்வொரு தடவையும் 1 லிட்டர் ரெசினுக்கு 100 முதல் 160 கிராம் உப்பு தேவை. 25 லிட்டருக்கு இரண்டரை கிலோவில் இருந்து 4 கிலோ வரை. மாதம் கிட்டத்தட்ட ஒரு 25 கிலோ மூட்டை உப்பு தீரும். மூட்டை அப்படியே குறையாமல் இருந்தால் சந்தோஷப்பட வேண்டாம். மெஷின் உப்பை எடுக்கவில்லை என்று அர்த்தம்!

லைன் வீட்டில் நடக்கும் சண்டை

இதே 25 லிட்டர் மெஷினை 6 வீடு உள்ள காம்பவுண்டுக்கு வைத்தால் என்ன ஆகும்? வீட்டுக்கு 4 பேர் என்றால் 24 பேர். தினமும் 3,240 லிட்டர் தண்ணீர். மெஷின் தாங்குவது 2,500 லிட்டர்தான். தினமும் உப்பு ஏற்றினாலும் சாயங்காலம் குளிப்பவர்களுக்கு உப்புத் தண்ணிதான்.

‘காலையில நுரை வருது, ராத்திரி ஷிப்ட் முடிஞ்சு வந்தா வரமாட்டேங்குது’ என்று குடித்தனக்காரர்கள் முறையிடுவதும், ‘வாங்கி வச்சதே பெருசு’ என்று வீட்டுக்காரர்கள் எகிறுவதும் இதனால்தான். இதில் இரண்டு பக்கமும் தப்பு இல்லை. மெஷின் சைஸ்தான் பத்தவில்லை.

இதற்கு ஒரு வழி இருக்கிறது. கக்கூஸ், வாசல் தெளிப்பு, செடிக்கு போகும் குழாய்களை சாப்ட்னரில் சேர்க்காமல் நேராக போர் தண்ணீரையே விடலாம். குளியல், துணி இரண்டுக்கு மட்டும் சாப்ட்னர் தண்ணீர் என்று பிரித்தால் சின்ன மெஷினும் ஓரளவு தாக்குப்பிடிக்கும். உப்புச் செலவை மாதம் யார் கொடுப்பது, யார் போடுவது என்பதை வாடகை பேசும்போதே முடிவு செய்துவிட்டால் பிறகு சண்டை வராது.

எந்த உப்பு போடணும்?

சாப்ட்னருக்கு என்றே மாத்திரை மாதிரி உருண்டை உப்பு விற்கிறார்கள். சுத்தமாக இருக்கும், மெதுவாக கரையும். விலை கூடுதல். அது கட்டுப்படி ஆகாதவர்கள் தூத்துக்குடி, வேதாரண்யத்தில் இருந்து வரும் கல் உப்பை வாங்கிப் போடலாம். ஆனால் மண், தூசி இல்லாமல் வெள்ளையாக இருக்க வேண்டும். ஒரு கைப்பிடி உப்பை டம்ளர் தண்ணீரில் கரைத்துப் பாருங்கள். அடியில் சேறு தங்கினால் அந்த உப்பு வேண்டாம். அந்த சேறு எல்லாம் கடைசியில் ரெசினுக்குள்தான் போய் உட்காரும்.

சமையல் தூள் உப்பு வேண்டவே வேண்டாம். தொட்டிக்குள் களி மாதிரி கட்டிவிடும்.

உப்பை தொட்டியில்தான் போட வேண்டும். சிலர் சீக்கிரம் ஆகட்டும் என்று சிலிண்டரைத் திறந்து நேராக ரெசின் மேலேயே கொட்டுகிறார்கள். அது தப்பு. அதே போல இந்த மூட்டையில் இருந்து உப்பை சமையலுக்கு எடுக்கக் கூடாது. அது சாப்பாட்டுக்கு உள்ள அயோடின் உப்பு கிடையாது.

கையால் செய்பவர்களுக்கு

விலை குறைந்த மெஷின்களில் மேலே ஒரு கைப்பிடி வால்வு இருக்கும். அதைத் திருப்பித்தான் ரீஜெனரேஷன் செய்ய வேண்டும். படிப்படியாக:-

1. முதல் நாள் ராத்திரியே உப்பைக் கரைத்து வையுங்கள். மூன்றரை கிலோ உப்புக்கு 30 லிட்டர் தண்ணீர் சரியாக இருக்கும்.

2. மோட்டாரை நிறுத்திவிட்டுத்தான் கைப்பிடியை திருப்ப வேண்டும். தண்ணீர் ஓடும்போது திருப்பினால் உள்ளே இருக்கும் வாஷர் கிழிந்துவிடும். பிறகு உப்புத் தண்ணீரும் நல்ல தண்ணீரும் கலந்துதான் வரும்.

3. முதலில் ‘பேக்வாஷ்’. தண்ணீர் கீழே இருந்து மேலே போய் அழுக்கை அள்ளிக் கொண்டு சாக்கடைக்குப் போகும். 5 முதல் 10 நிமிடம். கலங்கல் தெளிந்த பிறகு நிறுத்தவும்.

4. அடுத்து உப்புக் கரைசலை இழுக்கும் நிலை. இதுதான் முக்கியமான கட்டம். குறைந்தது 20 முதல் 30 நிமிடம் மெதுவாகப் போக வேண்டும். அவசரப்பட்டு அஞ்சு நிமிடத்தில் முடித்தால் உப்பு வீணாக சாக்கடைக்குப் போகும். ரெசினில் சுண்ணாம்பு அப்படியே இருக்கும்.

5. கடைசியில் ‘ரின்ஸ்’. வெளியே வரும் தண்ணீரை நாக்கில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தால் உப்புக் கரிப்பு போயிருக்க வேண்டும். அதன் பிறகு ‘சர்வீஸ்’ நிலைக்கு திருப்பி உபயோகிக்கலாம்.

மொத்தம் ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம் ஆகும். ஞாயிற்றுக்கிழமை வைத்துக் கொள்ளலாம் என்று தள்ளிப் போடுவதுதான் பல வீடுகளில் நடக்கிறது. நாலு நாள் மெஷினுக்கு ஞாயிறு மட்டும் செய்தால் வாரத்தில் மூன்று நாள் உப்புத் தண்ணியில்தான் குளிக்க வேண்டும்.

ஆட்டோமேட்டிக்கா? அப்பவும் உஷார்

தானாகவே எல்லாம் செய்யும் மெஷின்களில் ஒரு சின்ன கடிகாரம் இருக்கும். யாரும் தண்ணீர் உபயோகிக்காத நடு ராத்திரியில் ரீஜெனரேஷன் நடக்கும்படி வைத்திருப்பார்கள். கரண்ட் போய் வந்தால் சில மெஷின்களில் நேரம் மாறிவிடும். அப்புறம் காலை 7 மணிக்கு ரீஜெனரேஷன் ஆரம்பிக்கும். அந்த நேரத்தில் குழாயைத் திறந்தால் உப்புத் தண்ணிதான் வரும். கரண்ட் கட் ஆன மறுநாள் கடிகாரத்தை ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது.

அடுத்த தொல்லை அழுத்தம். ஆட்டோமேட்டிக் வால்வு உப்புக் கரைசலை உறிஞ்ச, தண்ணீர் சுமார் ஒன்றரை முதல் 2 கிலோ அழுத்தத்தில் வர வேண்டும். மாடி டேங்கில் இருந்து இறங்கும் தண்ணீருக்கு 10 மீட்டர் உயரம் இருந்தால்தான் 1 கிலோ அழுத்தமே கிடைக்கும். ஒரு மாடி வீட்டில் டேங்கில் இருந்து நேராக மாட்டினால் மெஷின் உப்பை உறிஞ்சாது. தொட்டியில் உப்பு அப்படியே இருக்கும். இப்படி மாட்டிய வீடுகளில் சின்ன பிரஷர் பம்ப் வைக்க வேண்டும். அல்லது போர் மோட்டாருக்கும் மாடி டேங்குக்கும் நடுவில் மாட்ட வேண்டும்.

தொட்டிக்குள் உப்புப் பாலம்

வெளியே இருந்து பார்த்தால் தொட்டி நிறைய உப்பு. ஆனால் சோப்பு நுரைக்காது. இது எப்படி? மேலே உள்ள உப்பு பாறை மாதிரி இறுகிப் போய், அடியில் காலியாக இருக்கும். தண்ணீர் உப்பைத் தொடவே தொடாது. இதை ‘உப்புப் பாலம்’ என்கிறார்கள்.

துடைப்பக் கட்டை மாதிரி மழுங்கிய குச்சியால் மெதுவாக தட்டி உடைத்துவிட்டால் போதும். கடப்பாரை, கம்பி எடுத்து குத்தினால் தொட்டி ஓட்டையாகிவிடும். தொட்டியை எப்போதும் வாய் வரை நிரப்பாமல் பாதி வரை போட்டு, தீரத்தீர போட்டால் பாலம் கட்டாது. மூடியை நன்றாக மூடி வையுங்கள். வருஷத்துக்கு ஒரு தடவை தொட்டியை காலி செய்து அடியில் தங்கிய சேற்றை கழுவி எடுக்க வேண்டும்.

துரு, மணல் இருந்தால்

பிடித்து வைத்த தண்ணீர் கொஞ்ச நேரத்தில் மஞ்சளாக மாறினால் அதில் இரும்புச் சத்து இருக்கிறது. இது ரெசினுக்கு பெரிய எதிரி. துரு ரெசின் மேல் பூசிக் கொண்டால் எவ்வளவு உப்பு போட்டாலும் ஏறாது. இந்த மாதிரி போர்களில் சாப்ட்னருக்கு முன்னால் இரும்பை எடுக்கும் பில்டர் வைக்க வேண்டும். மணல், வண்டல் வரும் போருக்கு முன்னால் சாதாரண தூசி பில்டர் அவசியம். அதன் உள்ளே இருக்கும் வெள்ளை கேட்ரிட்ஜ் பழுப்பானால் மாற்றிவிட வேண்டும். அதை மாற்றாமல் விட்டாலும் தண்ணீர் வேகம் குறைந்து, மெஷின் உப்பை உறிஞ்சாமல் போகும்.

தண்ணீரில் பிளீச்சிங் பவுடர் அதிகம் போட்டால் ரெசின் நாளடைவில் உப்பி, நொறுங்கும். டேங்க் கழுவி பிளீச்சிங் போடும் நாளில் அந்த தண்ணீரை சாப்ட்னர் வழியாக விடாமல் ‘பைபாஸ்’ குழாயைத் திறந்துவிடுங்கள்.

குழாயில் ரவை மாதிரி தேன் நிற உருண்டை வந்தால் அது ரெசின்தான். சிலிண்டருக்கு அடியில் உள்ள சல்லடை உடைந்திருக்கும். உடனே மெஷினை நிறுத்தி மெக்கானிக்கை கூப்பிட வேண்டும். இல்லை என்றால் ரெசின் முழுவதும் குழாய், ஷவர், வாஷிங் மெஷின் எல்லாவற்றிலும் போய் அடைத்துக் கொள்ளும்.

பொங்கல், தீபாவளிக்கு ஊருக்குப் போய் பத்து, பதினைந்து நாள் பூட்டிக் கிடந்தால், தேங்கிய தண்ணீரில் கிருமி வளர்ந்து நாற்றம் வரும். கிளம்பும் முன் ஒரு தடவையும், வந்த பிறகு ஒரு தடவையும் ரீஜெனரேஷன் செய்து கழுவிவிட்டு உபயோகிக்கலாம்.

வீட்டிலேயே ‘டெஸ்ட்’

மெஷின் வேலை செய்கிறதா என்று பார்க்க மெக்கானிக் தேவை இல்லை. கடையில் விற்கும் கடினத்தன்மை ‘கிட்’ வாங்கி வைத்தால் போதும். கொஞ்சம் தண்ணீரில் மருந்தை சொட்டினால் நிறம் மாறும். நீலம் என்றால் சுண்ணாம்பு இல்லை. சிவப்பு கலந்த ஊதா என்றால் சுண்ணாம்பு இருக்கிறது.

அதுவும் இல்லை என்றால் இரண்டு பாட்டில் போதும். ஒன்றில் போர் தண்ணீர், இன்னொன்றில் சாப்ட்னர் தண்ணீர். இரண்டும் பாதி அளவு. குளியல் சோப்பை சீவி ஒரே அளவு போட்டு நன்றாக குலுக்குங்கள். சாப்ட்னர் தண்ணீரில் நுரை நின்று, தண்ணீர் தெளிவாக இருக்க வேண்டும். இரண்டிலும் பால் போல திரிந்தால் உப்பு ஏற்றும் நேரம் வந்துவிட்டது.

சரியான அளவு தெரிய வேண்டும் என்றால், தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் கட்டி சோதித்துக் கொள்ளலாம். மோட்டாரை சில நிமிடம் ஓடவிட்டு, சுத்தமான பாட்டிலில் பிடித்துக் கொண்டு போக வேண்டும். மெஷின் வாங்கும் முன் இதைச் செய்தால் எத்தனை லிட்டர் ரெசின் வேண்டும் என்று நாமே கணக்கு போட்டுவிடலாம்.

குடிக்கலாமா?

இதுதான் எல்லோரும் கவனிக்க வேண்டிய விஷயம். சாப்ட்னர் சுண்ணாம்பை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சோடியத்தை விடுகிறது. கடினத்தன்மை 100 குறைந்தால் லிட்டருக்கு 46 மில்லி கிராம் சோடியம் கூடும். 600 கடினத்தன்மை உள்ள தண்ணீரை சாப்ட்னரில் விட்டால் லிட்டருக்கு 276 மில்லி கிராம். தினமும் 2 லிட்டர் குடித்தால் 550 மில்லி கிராமுக்கு மேல் உடம்புக்குள் போகிறது. அதாவது கிட்டத்தட்ட ஒன்றரை கிராம் உப்பு.

ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராம் உப்புக்குள் நிறுத்த வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ரத்தக் கொதிப்பு, இதயக் கோளாறு, கிட்னி கோளாறு உள்ளவர்களுக்கு டாக்டர்கள் உப்பைக் குறைக்கச் சொல்கிறார்கள். ஊறுகாயை ஒதுக்கிவிட்டு தண்ணீர் வழியாக உப்பை குடித்தால் என்ன பிரயோஜனம்? அதனால் சமையல்கட்டு குடிநீருக்கு ஆற்றுத் தண்ணீர் குழாயையோ, தனி சுத்திகரிப்பு கருவியையோ வைத்துக் கொள்வதே சரி. கைக்குழந்தைக்கு பால் கலக்கவும் சாப்ட்னர் தண்ணீர் வேண்டாம்.

அதே நேரம் கடின நீரைக் கண்டு பீதி அடையவும் தேவை இல்லை. குடிநீரின் கடினத்தன்மைக்கு உடல்நல அடிப்படையில் உலக சுகாதார நிறுவனம் உச்சவரம்பு எதையும் வைக்கவில்லை. முடி வறண்டு போவது, தோல் இழுப்பது எல்லாம் சோப்பு அழுக்கு சரியாகப் போகாததால் வருவது. முடி கொட்ட பல காரணம் உண்டு. சாப்ட்னர் வைத்தால் கொட்டிய முடி முளைக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

புதிதாக சாப்ட்னர் வைத்தவர்கள் ‘சோப்பு போகவே மாட்டேங்குது, வழவழங்குது’ என்று பயப்படுவது உண்டு. மென்னீரில் குளித்தால் உடம்பு அப்படித்தான் இருக்கும். சோப்பு, சோப்புத் தூள் அளவை குறைத்தாலே போதும். அதுவே மிச்சம்தான்.

கழிவு உப்பு எங்கே போகிறது?

ஒவ்வொரு ரீஜெனரேஷனுக்கும் 150 முதல் 250 லிட்டர் வரை கழிவுத் தண்ணீர் வெளியே வரும். அதில் போட்ட உப்பில் மிச்சம் இருப்பதும், ரெசினில் இருந்து இறங்கிய சுண்ணாம்பும் கலந்து இருக்கும். இதை செடிக்கோ, தென்னைக்கோ, வாழைக்கோ விடக்கூடாது. மண் இறுகி செடி பட்டுப்போகும். சாப்ட்னர் தண்ணீரையே கூட செடிகளுக்கு விடாமல் இருப்பது நல்லது.

எல்லாவற்றையும் விட மோசம், இந்த குழாயை மழைநீர் சேகரிப்பு தொட்டிக்குள் விடுவது. 2003-ம் ஆண்டு முதல் தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். மழைத் தண்ணீரை பூமிக்குள் இறக்க வெட்டிய குழியில் உப்பை இறக்கினால், நம் போர் தண்ணீரை நாமே கெடுத்துக் கொள்கிறோம். பக்கத்து வீட்டு போரும் சேர்ந்து கெடும்.

உப்பு நிலத்துக்குள் போனால் என்ன ஆகும் என்று திருப்பூர்க்காரர்களுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியது இல்லை. சாயக் கழிவில் இருந்த உப்பு நொய்யலிலும், ஒரத்துப்பாளையம் அணையிலும் தேங்கி, சுற்று வட்டார கிணறுகளும் விவசாய நிலமும் பாழானதைப் பார்த்த ஊர் இது. 2011-ம் ஆண்டு சென்னை ஐகோர்ட்டு உத்தரவால் சாய ஆலைகளே மூடப்பட்டன. பல ஆயிரம் தொழிலாளர்கள் வேலை இழந்து தவித்தனர். ஒரு வீட்டு சாப்ட்னர் அந்த அளவுக்கு இல்லைதான். ஆனால் தெருவுக்கு பத்து மெஷின், மெஷினுக்கு மாதம் ஒரு மூட்டை என்றால் அதுவும் சின்ன கணக்கு இல்லை. கழிவு குழாயை சாக்கடையில் மட்டுமே விட வேண்டும். தேவைக்கு மேல் உப்பு போடுவதையும், தேவைக்கு முன்பே ரீஜெனரேஷன் செய்வதையும் தவிர்க்க வேண்டும்.

மீட்டரை காட்டி ஏமாற்று

வீட்டு வாசலில் வந்து நிற்கும் சில விற்பனை ஆசாமிகள் பேனா மாதிரி ஒரு மீட்டரை தண்ணீரில் விட்டு ‘பாருங்க, டி.டி.எஸ். எவ்ளோ!’ என்று பயமுறுத்துவார்கள். டி.டி.எஸ். என்பது தண்ணீரில் கரைந்துள்ள மொத்த உப்பின் அளவு. சாப்ட்னர் இதைக் குறைக்காது. சுண்ணாம்புக்கு பதில் சோடியம் வருவதால் மீட்டர் கிட்டத்தட்ட அதே நம்பரைத்தான் காட்டும். ‘சாப்ட்னர் வச்சா டி.டி.எஸ். குறையும்’ என்று சொல்பவருக்கு விஷயம் தெரியவில்லை, அல்லது பொய் சொல்கிறார். டி.டி.எஸ். குறைய ஆர்.ஓ. கருவிதான் வேண்டும்.

இன்னும் சிலர் தண்ணீரில் இரண்டு கம்பியை விட்டு கரண்ட் கொடுப்பார்கள். தண்ணீர் சேறாக மாறும். ‘இதைத்தான் குடிக்கிறீங்க’ என்பார்கள். அந்த சேறு தண்ணீரில் இருந்து வந்தது இல்லை. கம்பியின் இரும்பு கரைந்து வந்தது. பயந்துபோய் அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள்.

‘உப்பே வேண்டாம், குழாயில் மாட்டினால் போதும்’ என்று விற்கும் கருவிகள் தண்ணீரில் உள்ள கால்சியத்தை வெளியே எடுப்பது இல்லை. வாங்கும் முன் ஒரே கேள்வி கேளுங்கள்: ‘மாட்டின பிறகு கிட் டெஸ்ட்ல நீலம் வருமா? எழுதிக் கொடுப்பீங்களா?’

மெஷின் வாங்கும்போது பில், வாரண்டி கார்டு, ரெசின் எத்தனை லிட்டர் என்ற விவரம் மூன்றையும் வாங்கி வையுங்கள். சர்வீசுக்கு வராமல் இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் சொல்லலாம். மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்கும் போகலாம்.

ஆசிட் வேண்டாம்

குழாய், டைல்ஸ், பக்கெட்டில் படிந்த வெள்ளைக் கறைக்கு ஆசிட் ஊற்றுவது வழக்கமாக இருக்கிறது. ஆசிட் போட்ட இடத்தில் பிளீச்சிங் பவுடரும் சேர்ந்தால் விஷ வாயு கிளம்பும். கதவைச் சாத்திய பாத்ரூமில் மூச்சுத் திணறி உயிருக்கே ஆபத்து. எலுமிச்சம்பழ மூடி, வினிகர், கடையில் விற்கும் சிட்ரிக் ஆசிட் தூள் இவற்றில் ஒன்றை தேய்த்து அரை மணி நேரம் ஊறவிட்டு கழுவினால் கறை போய்விடும். இவற்றோடும் பிளீச்சிங் பவுடரை சேர்க்கக் கூடாது. வாட்டர் ஹீட்டர் ராடில் படிந்த கல்லை எடுக்கும் முன் பிளக்கை பிடுங்கி, ஆறவிட்டு செய்யுங்கள். சாப்ட்னர் சிலிண்டருக்குள் எந்த ஆசிட்டையும் நீங்களாக ஊற்றாதீர்கள்.

காலண்டரில் குறித்து வையுங்க

* 4 நாளைக்கு ஒரு தடவை (அல்லது உங்கள் கணக்குப்படி) - ரீஜெனரேஷன்.

* வாரம் ஒரு தடவை - உப்புத் தொட்டியை திறந்து பார்த்தல், சோப்பு பாட்டில் டெஸ்ட்.

* மாதம் ஒரு தடவை - தூசி பில்டரை கழற்றிப் பார்த்தல், உப்பு எவ்வளவு தீர்ந்தது என்று எழுதி வைத்தல்.

* வருஷம் ஒரு தடவை - உப்புத் தொட்டி கழுவுதல், வால்வு வாஷர், உறிஞ்சும் துவாரத்தை மெக்கானிக் மூலம் சுத்தம் செய்தல், போர் தண்ணீரை மறுபடி சோதித்தல். கோடையில் நீர்மட்டம் இறங்கினால் கடினத்தன்மை ஏறலாம். அப்போது 4 நாள் கணக்கு 3 நாளாக மாறும்.

ஒழுங்காக உப்பு போட்டு, கழுவி வந்தால் ரெசின் பல வருஷம் உழைக்கும். கவனிக்காமல் விட்டால் தவணை முடிவதற்குள் மெஷின் முடிந்துவிடும். ஆயிரக்கணக்கில் பணம் கொட்டி வாங்கியவர்கள், ஒரு மூட்டை உப்புக்கும் ஒரு மணி நேரத்துக்கும் கணக்குப் பார்த்தால், மிஞ்சுவது மறுபடியும் சப்பைத் தண்ணிதான்.